கடைசியாக மாற்றப்பட்டது

புதுமடம் விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கி, உடைமரங்களுக்கு நடுவே கடலைப் பார்த்துப் போகும் மண்பாதையில் நடந்தால், குப்பத்துக்கு முன்னால் அந்தக் கிட்டங்கிதான் கண்ணில் படும். ஒரு காலத்தில் உப்பு மூட்டை அடுக்கி வைத்த இடம். உப்பு போய்ப் பல வருடமாகியும் சுவர் அதை மறக்கவில்லை. வாடைக் காற்று திரும்பினால் போதும், சுவரெல்லாம் வியர்த்து வழியும். சுனாமிக்குப் பிறகு கடற்கரையெங்கும் முளைத்த தொண்டு நிறுவனங்களில் ஒன்று அதைப் பிடித்து, வெள்ளையடித்து, ‘மீனவர் தகவல் நிலையம்’ என்று ஆள் உயரத்துக்குப் பலகை மாட்டியிருந்தது. பலகைதான் பெரிது. சன்னல் ஒன்றே ஒன்று, அதுவும் கடலைப் பார்த்து.

2007 சனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலிதா அங்கே வேலைக்கு வந்து சேர்ந்தாள். கீழக்கரைக்காரி. மதுரையில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, துபாயில் இருக்கும் வாப்பாவிடம் போனிலேயே மன்றாடி, இதோ பக்கத்தில்தான் என்று சத்தியம் செய்து வாங்கிய வேலை. வாசலில் செருப்பைக் கழற்றியதுமே வெயில் வெளியில் நின்றுவிட்டது. உள்ளே பட்டப்பகலில் டியூப்லைட் எரிந்தது. ஈரத் துணியை மூடி வைத்துத் திறந்தாற்போல ஒரு நெடி. அதோடு மண்ணெண்ணெய் வாசமும் சேர்ந்து வந்தது. வள்ளத்து இன்ஜினில்தான் அந்த வாசம் வரும். கிட்டங்கிக்குள் ஏது இன்ஜின் என்று அவள் சுற்றிப் பார்த்தாள்.

நிலையத்தின் பொறுப்பாளர் மருதுபாண்டி எழுந்து வந்து வரவேற்றார். இஸ்திரி கலையாத சட்டை, பையில் இரண்டு செல்போன், வாய் நிறைய ‘அம்மா’. உட்கார வைத்து, காபி வரவழைத்து, குடிக்கும்வரை கூடப் பொறுக்காமல் வேலையைச் சொன்னார்.

வேலை சின்னதுதான். தினமும் கடல் நிலவரம் மெயிலில் வரும். அலை எவ்வளவு, காற்று எப்படி, போகலாமா கூடாதா. அதைத் தமிழில் தட்டி ஒரு கோப்பாக்கி, நிலையத்தின் இணையப் பக்கத்தில் ஏற்ற வேண்டும். பக்கத்தின் தலையில் ‘கடைசியாக மாற்றப்பட்டது’ என்று தேதியும் நேரமும் வரும். அதை யாரும் தட்டுவதில்லை. ஒரு சிறிய நிரல், கோப்பு எப்போது கடைசியாகத் தொடப்பட்டது என்று இயந்திரத்திடம் கேட்டு அதையே காட்டிவிடும். தேதி இன்றையதாக இருந்தால், மைக்கில் படிக்கும் நூர் நிஷா அதை மாலை அஸர் தொழுகை முடிந்ததும் படிப்பாள். கூரையில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் அதைக் கரை முழுக்கக் கொண்டுபோகும். கேட்டுவிட்டு வள்ளங்கள் இறங்கும்.

"நவம்பர் பதினேழாந் தேதி ஃபைலு ஒண்ணு இருக்கும்மா. அதுதான் தொல்லை. இங்கன பாத்தா ஒரு நேரம், சர்வர்ல பாத்தா ஒரு நேரம். விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் ஒத்துப்போகாதாமே? வெள்ளிக்கிழமை ராமநாதபுரத்துல இருந்து விசாரணைக்கு அதிகாரி வாராரு. அதுக்குள்ள ரெண்டையும் ஒண்ணாக்கிருங்க."

என்ன விசாரணை என்று அவள் கேட்டாள். அவர் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டார். அன்றைக்குத் தங்கசாமி என்பவரின் வள்ளம் போனது, திரும்பவில்லை. கூட மலையாண்டி என்றொரு இளவட்டமும் போனான். வள்ளத்துப் பலகை ஒன்று வாலிநோக்கத்தில் ஒதுங்கியது. உடல்கள் கிடைக்கவே இல்லை. போகாதே என்று நிலையம் எச்சரித்தும் போனார்களாம்.

"தண்ணி போட்டிருந்தான்மா. அந்தப் பயலையும் சேத்துக் கொன்னுட்டான்," என்று சொல்லிவிட்டுக் காபி தம்ளரை எடுத்துக்கொண்டு போனார்.

காலிதா கோப்பைத் திறந்து படித்தாள். வடகிழக்குக் காற்று கடுமை, பேரலை, யாரும் கடலுக்குப் போக வேண்டாம் என்று தெளிவாக இருந்தது. இங்கிருந்த விண்டோஸ் கணினியில் பதினேழாம் தேதி நண்பகலில் மாற்றப்பட்டதாக நேரம் காட்டியது. அமெரிக்காவில் எங்கோ இருந்த லினக்ஸ் சர்வரில் இரண்டு நாள் தள்ளிப் பத்தொன்பதாம் தேதி காட்டியது. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஒரு கோப்பை அங்கே ஏற்றினால், அது எப்போது பிறந்தது என்றெல்லாம் சர்வர் கேட்காது. தன் கையில் வந்த நேரத்தையே அதன் நேரமாகப் போட்டுக்கொள்ளும். ஏதோ காரணத்துக்காக மறுபடி ஏற்றியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். ஒரே ஒரு வரி கட்டளை அடித்து, சர்வர் நேரத்தையும் பதினேழு நண்பகலுக்கு நகர்த்தினாள். இதற்கா மூன்று நாள் என்று அவளுக்குச் சிரிப்புதான் வந்தது.

அஸர் முடிந்ததும் நூர் நிஷா மைக் முன்னால் வந்து உட்கார்ந்தாள். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். முகத்தில் சுத்தமாக இரத்தமில்லை. அன்றைய நிலவரத்தை ஒரே மூச்சில் படித்தாள், சுவிட்சை அணைத்தாள். உடனே முக்காட்டின் மேலேயே இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள்.

காலிதா அக்கா முறை வைத்து, ‘என்ன லாத்தா?’ என்று கேட்க வாயெடுத்தாள்.

மேலே குழாய் மூச்சு விட்டது.

அணைத்த மைக். அதன் சிவப்பு விளக்குகூட அவிந்திருந்தது. இருந்தும் கூரையில் யாரோ நெஞ்சில் தண்ணீர் கட்டியவர்போல இழுத்து இழுத்து மூச்சு விட்டார்கள். பிறகு பக்கத்தில் நின்று கேட்பதைப்போல் ஒரு ஆண்குரல், மெதுவாக, மரியாதையாக.

"தங்கச்சி, போகலாமா?"

சன்னலில் யாரும் இல்லை. வெயில் மஞ்சளாய்க் காய்ந்துகொண்டிருந்தது. ஆனால் சன்னல் கட்டையில் நாலு விரல் பதிந்த ஈரம் இருந்தது. காலிதா பார்க்கப் பார்க்க அது வெளுத்து உப்பாய்ப் பூத்தது.

ஒரே ஓட்டமாக ஓடிவிட வேண்டும் என்றுதான் கால் சொன்னது. ஏன் கணினியைப் பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது. பதினேழாம் தேதிக் கோப்பின் நேரம் மாறியிருந்தது. கடைசியாக மாற்றப்பட்டது: இன்று, இப்போது. சர்வரைப் பார்த்தாள். அங்கேயும் மாறியிருந்தது. அமெரிக்கக் கணக்கைக் கழித்துப் பார்த்தால் இங்கே காட்டியதற்குச் சற்றுப் பிந்தி.

அவள் நேரத்தைத் திரும்பப் பதினேழுக்குத் தள்ளினாள்.

மறுநாள் காலை பாதையில் வரும்போது, குப்பத்தின் முதல் வீட்டு வாசலில் ஒரு வயதான பெண் குனிந்து மண்ணை அள்ளிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, அந்த வீட்டுக் கதவைப் பார்த்து, வீசித் தூற்றினாள். மூன்று முறை தூற்றிவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குள் போய்விட்டாள். கதவைத் திறந்து வந்தவள் விளக்குமாற்றோடுதான் வந்தாள். இது அன்றாடம் நடப்பது என்று பார்த்தாலே தெரிந்தது.

தூற்றியவள் மலையாண்டியின் தாய் பஞ்சம்மாள். கூட்டியவள் தங்கசாமியின் மனைவி முருகம்மாள். நேற்றுவரை ஒரே குடத்தில் தண்ணீர் பிடித்தவர்கள். அவள் புருசன் குடிவெறியில் இவள் பிள்ளையைக் கொன்றான் என்று ஊரே நம்பிய பின், பஞ்சம்மாளுக்கு அழக்கூடத் தோன்றவில்லை, மண்ணை அள்ளத்தான் தோன்றியது.

முருகம்மாள் காலிதாவைப் பார்த்ததும் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு வழியை மறித்தாள்.

"புதுசா வந்த புள்ளையா? உங்க கம்ப்யூட்டரு என்ன தாயி சொல்லுது? எம் புருசன் குடிச்சிருந்தாருன்னா சொல்லுது? வெத்தலைக்குச் சுண்ணாம்பு கூட வைக்க மாட்டாரு தாயி, நாக்கு பொத்துப்போகும்னு."

காலிதா பார்க்கிறேன் என்று முனகிவிட்டு நகர்ந்தாள். ஏனோ தெரியவில்லை, மருதுபாண்டியின் இஸ்திரிச் சட்டை நினைவுக்கு வந்து எரிச்சல் மூண்டது.

அன்று அவள் செய்யாதது இல்லை. கோப்பை யாரும் மாற்ற முடியாதபடி பூட்டினாள். கடவுச்சொற்களை மாற்றினாள். கடைசியில் இணைய வயரையே உருவித் தரையில் போட்டாள். இனி இந்தக் கணினிக்கும் அந்தச் சர்வருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. எது மாற்றினாலும் அது இந்த அறைக்குள் இருந்துதான் மாற்ற வேண்டும். மருதுபாண்டி இராமநாதபுரம் போயிருந்தார். அஸர் முடிந்தது. நூர் நிஷா படித்தாள், அணைத்தாள், காதைப் பொத்திக்கொண்டு இந்தத் தடவை வெளியிலேயே ஓடிவிட்டாள்.

காலிதா கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

கரண்டு போனது. டியூப்லைட் அவிந்தது. பேட்டரியில் திரை மட்டும் நின்றது.

மண்ணெண்ணெய் வாசம் தோளுக்குப் பின்னால் வந்து நின்றது.

"தங்கச்சி, போகலாமா?"

அவள் திரும்பவில்லை. திரும்பினால் தீர்ந்தோம் என்று மட்டும் தெரிந்தது. ஆயத்துல் குர்ஸியை உதடு தானாக ஓதியது. திரையில் பதினேழாம் தேதிக் கோப்பு விரிந்தது. அவள் திறக்கவில்லை. அவள் கை மடியில் இருந்தது.

விசைப்பலகையில் அழிக்கும் விசை மெல்லக் கீழே இறங்கியது.

மேலே வந்தது.

திரும்ப இறங்கியது.

‘வேண்டாம்’ என்ற சொல் ஒவ்வொரு எழுத்தாகப் போனது. ‘போக’ போனது. பேரலை போனது. கடுமை போனது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் விசையின் இடுக்கிலிருந்து ஒரு துளி தண்ணீர் பொங்கி வழிந்தது. அவசரமே இல்லை. தட்டத் தெரியாத கை, ஒற்றை விரலால், பொறுமையாக ஒரு பொய்யைத் துடைத்துக்கொண்டிருந்தது. எச்சரிக்கை முழுவதும் போன பிறகு வெற்றுத் திரையில் யாரும் தட்டாமலே ஒரு வரி ஊறி வந்தது.

கடல் அமைதியாக இருக்கும். அனைவரும் தொழிலுக்குப் போகலாம்.

கரண்டு வந்தது. திரை ஒருமுறை சிமிட்டியது. எச்சரிக்கை பழையபடி இருந்தது. விசைப்பலகை மட்டும் சொதசொதவென்று நனைந்திருந்தது, தொட்டு நாக்கில் வைத்தால் உப்பு.

காலிதா வெளியே வந்தாள். நூர் நிஷா கிட்டங்கிச் சுவரில் சாய்ந்து நின்றாள். பதினேழாம் தேதி நீங்க மைக்ல என்ன லாத்தா படிச்சீங்க என்று காலிதா கேட்டதும், அவள் கேட்கக் காத்திருந்தவள்போல் உடைந்துவிட்டாள்.

தங்கசாமி எப்போதும் அப்படித்தானாம். மைக்கில் கேட்டது போதாது. சன்னலுக்கு வந்து, கட்டையில் கையை ஊன்றி, இவள் வாயால் ஒருதரம் கேட்டுக்கொண்டுதான் இறங்குவார். மலையாண்டி வாயே திறக்க மாட்டான். அவர் முதுகுக்குப் பின்னால் நின்று சிரிப்பான், கிளம்பும்போது மட்டும் வாரேன் அக்கா என்பான். அவனுக்குத் தை மாதம் கல்யாணம் பேசியிருந்தது.

"அன்னைக்கும் கேட்டாரு. போங்கண்ணேன்னு நாந்தான் சொன்னேன். கடல் அமைதின்னுதான் என் கண்ணுக்குத் தெரிஞ்சுச்சு, அல்லா மேல ஆணை. ஆனா ஃபைல்ல வேற இருக்குதே. நீ தப்பாப் படிச்சிட்ட, நான் வெளிய சொல்ல மாட்டேன், நீயும் மூச்சு விடாதன்னு சார் சொன்னாரு. ரெண்டு உசுரு காலிதா. என் வாயால."

இரண்டு மாதமாக அந்தப் பெண் சோறு தின்றிருக்க மாட்டாள். மருதுபாண்டி அவள் தலையில் ஒரு பாவத்தை ஏற்றி, அதையே காட்டி அவள் வாயை அடைத்து, செத்தவனைக் குடிகாரனாக்கி, அவன் மனைவி வாசலில் மண் விழ வைத்து, மேலே இஸ்திரிச் சட்டையும் போட்டுக்கொண்டு காபி வாங்கித் தருகிறான். காலிதாவுக்குப் பயம் போன இடம் தெரியவில்லை. அந்த இடத்தில் ஆத்திரம் வந்து உட்கார்ந்தது. இவ்வளவுக்கும் அந்தப் பொய்யின் கடைசி முடிச்சைப் போட்டவள் அவள். நேரத்தைப் பதினேழுக்குத் தள்ளியது அவள் கைதான்.

சர்வர் வாடகைக்கு விடுகிறவர்கள் எல்லாவற்றுக்கும் வாரம் ஒருமுறை நகல் எடுத்து வைப்பார்கள். மருதுபாண்டிக்கு அது தெரியாது. அவள் வயரைத் திரும்பச் செருகி அன்றே எழுதிக் கேட்டாள், மறுநாள் வந்துவிட்டது. நவம்பர் பதினெட்டில் எடுத்த நகல். அதில் பதினேழாம் தேதிக் கோப்பு, கடல் அமைதி என்றுதான் இருந்தது. பதினாறாம் தேதிக் கோப்பும் அதே. எழுத்துக்கு எழுத்து அதே.

அப்புறம் புரிவதற்கு என்ன இருக்கிறது. நிலையத்துக்குப் பணம் அனுப்புகிற வெளிநாட்டார் பக்கம் தினமும் புதுப்பிக்கப்படுகிறதா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். தட்டச் சோம்பலான நாள்களில் மருதுபாண்டி முந்தின நாள் கோப்பையே பெயர் மாற்றி ஏற்றிவிடுவார். லினக்ஸ் அதற்கு இன்றைய நேரத்தைப் போட்டுக்கொடுத்துவிடும். பக்கம் புத்தம்புதிதாக இருக்கும், உள்ளே ஊசிப்போன செய்தி. நகல்களைப் புரட்டினால் மாதத்தில் பல நாள் அப்படி. கடல் பொறுத்துக்கொண்ட நாள்கள் அவை. பதினேழாம் தேதி மானாமதுரையில் அவர் தம்பி மகளுக்குக் காதுகுத்து என்று நூர் நிஷா சொன்னாள். மெயிலில் வந்த எச்சரிக்கையைத் திறந்துகூடப் பார்க்காமல், அங்கேயே ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பழையதை ஏற்றிவிட்டுப் பந்திக்குப் போயிருக்கிறார். சாவு விழுந்த பிறகு, கணினியின் கடிகாரத்தைப் பின்னால் திருப்பி வைத்து எச்சரிக்கையைத் தட்டினார். கடிகாரத்தை ஏமாற்ற இங்கே முடிந்தது. அமெரிக்காவில் இருந்த சர்வர் கடிகாரம் அவர் பேச்சைக் கேட்கவில்லை. அதனால்தான் பத்தொன்பது. அதனால்தான் காலிதாவுக்கு வேலை.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். ஜும்ஆ தொழுகை முடிந்து ஆண்களும், குப்பத்துப் பெண்களும் கிட்டங்கி வாசலில் கூடிவிட்டார்கள். முருகம்மாள் ஒரு ஓரம், பஞ்சம்மாள் நேர் எதிர் ஓரம். மருதுபாண்டி கணினியைத் திருப்பிக் காட்டி, எல்லாம் ஒரே நேரம் சார், நண்பகலுக்கே எச்சரித்துவிட்டோம், நடுவில் விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் சின்னக் குழப்பம், எங்கள் பெண் சரிசெய்துவிட்டாள் என்றார்.

நேரம் பதினேழாம் தேதியில் இல்லை. இன்று, இப்போது என்று இருந்தது.

காலிதா நகலில் இருந்ததை ஒரு தாளில் எடுத்து நூர் நிஷா கையில் கொடுத்தாள். இத நீங்க தப்பாப் படிக்கல லாத்தா, இன்னொரு தரம் படிங்க என்று மட்டும் சொன்னாள். நூர் நிஷா தாளைப் பார்த்தாள். பிறகு மைக்கைப் போட்டாள்.

கடல் அமைதியாக இருக்கும், அனைவரும் தொழிலுக்குப் போகலாம் என்று பதினேழாம் தேதிக் குரல் கரையெங்கும் போனது. இதைத்தான் அன்றைக்கும் கேட்டோம், அவர் போன பிறகு காற்று ஏறியதால்தான் நாங்கள் இறங்கவில்லை என்று வாசலில் யாரோ சொன்னார்கள். ஆமாம் என்றார் இன்னொருவர். இரண்டு மாதமாகத் தாங்கள் கேட்டதைத் தாங்களே நம்பாமல் இருந்தவர்கள். மருதுபாண்டி மைக்கைப் பிடுங்கப் பாய்ந்தார். சுவிட்சை அணைத்தார்.

அணைத்த பின்தான் குழாய் மூச்சு விட்டது.

கூட்டம் அப்படியே நின்றது. வெயில் நின்றது. கடலோசையும் நின்றதைப்போல் இருந்தது.

"தங்கச்சி, போகலாமா?"

முருகம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குக் குரலை அடையாளம் சொல்ல வேண்டியதில்லை. இந்தத் தடவை நூர் நிஷா காதைப் பொத்தவில்லை. சன்னலைப் பார்த்துத் திரும்பினாள்.

"வேணாண்ணே. கடல் சரியில்ல. வீட்டுக்குப் போங்கண்ணே."

குழாயில் ஒரு நீண்ட மூச்சு வெளியேறியது. சன்னல் கட்டையில் இருந்த ஈரம் காய்ந்தது. மண்ணெண்ணெய் வாசம் யாரோ எழுந்து போனதைப்போல் அறையைவிட்டு விலகியது.

பஞ்சம்மாள் குனிந்தாள். ஒரு கை மண் அள்ளினாள். பழக்கத்தில் முருகம்மாள் பக்கம் திரும்பிய கை பாதியில் நின்றது. பிறகு அவள் வாசற்படி ஏறி உள்ளே வந்து, அதிகாரி பார்க்க, மருதுபாண்டியின் இஸ்திரிச் சட்டை மேல் அதைத் தூற்றினாள். வெளியே போய் முருகம்மாளின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள்.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும். பாதிதான் முடிந்தது. தங்கசாமி எச்சரிக்கையை மீறவில்லை என்று விசாரணை அறிக்கை எழுதியது. அதுவரைக்கும் நியாயம். அடுத்த வரியில், இரு இயந்திரங்களுக்கிடையே ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறே காரணம் என்றும் எழுதியது. எந்த இயந்திரம் காதுகுத்துக்குப் போயிருந்தது என்று எழுதவில்லை. நிறுவனம் மருதுபாண்டியைச் சத்தமில்லாமல் விலக்கிக்கொண்டது. ஒரு மாலை போட்டு அனுப்பினார்களாம், அவர் மானாமதுரையில் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்து உட்கார்ந்துவிட்டாராம். காலிதா அறிக்கையை இரண்டு தடவை படித்தாள். மூன்றாம் தடவை படிக்க முடியாமல் கண் எரிந்தது.

விசாரணை நடந்த வெள்ளிக்கிழமையிலிருந்து விண்டோஸ் கணினியில் பதினேழாம் தேதிக் கோப்பு அசையவில்லை. அன்று நூர் நிஷா பதில் சொன்னதோடு நின்றுவிட்டது.

சர்வரில் இருந்தது நிற்கவில்லை.

ஒவ்வொரு மாலையும் அது தானாக மாறியது. இங்கே இருக்கும் நேரத்துக்கும் அங்கே இருக்கும் நேரத்துக்கும் நடுவில் முதல் நாளே ஒரு சின்ன இடைவெளி விழுந்ததும், அது ஒருநாள் கூடியும் ஒருநாள் குறைந்தும் வந்ததும் காலிதாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அமெரிக்கக் கணக்கில் சேராத இடைவெளி. ஒருவர் முன்னால் வர, அவர் முதுகுக்குப் பின்னால் இன்னொருவர் வந்து நிற்க ஆகும் நேரம்.

வள்ளத்தில் போனது இரண்டு பேர்.

பிப்ரவரியில் ஒரு மாலை நூர் நிஷா நிலவரம் படித்துவிட்டு மைக்கை அணைத்தாள். காலிதா பக்கத்தில்தான் இருந்தாள். குழாய் மூச்சு விட்டது. ஆனால் இது வேறு மூச்சு. இளசு. பேசிப் பழகாத கூச்சம் அதில் இருந்தது.

"அக்கா… சாரு இப்ப எந்த ஊருல இருக்காரு?"

நூர் நிஷா காலிதாவைப் பார்த்தாள். சொல்லாதீங்க என்று காலிதா தலையசைத்திருக்கலாம். அவள் அசைக்கவில்லை. அந்த அறிக்கையின் வரி அவள் நெஞ்சுக்குள் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

நூர் நிஷா மைக்கைப் போட்டாள். நிலவரம் படிக்கும் அதே குரலில், ஒரு எழுத்துப் பிசகாமல் படித்தாள்.

"மானாமதுரை. பஸ் ஸ்டாண்டுக்கு எதுக்க, மாடில, பிரவுசிங் சென்டரு."

அன்று மாலையிலிருந்து சர்வரில் இருந்த கோப்பும் அசையவில்லை.

பத்துப் பதினைந்து நாள் கழித்துக் காலிதாவின் செல்போன் அடித்தது. மருதுபாண்டி. ‘அம்மா’வெல்லாம் போய்விட்டது, வறண்ட தொண்டை மட்டும் இருந்தது. அவர் கணினியில் அவர் உண்டாக்காத ஒரு கோப்பு வந்து உட்கார்ந்திருக்கிறதாம். அழித்தால் திரும்ப வருகிறதாம். தினமும் சாயங்காலம் அதன் நேரம் தானாக மாறுகிறதாம். இந்த ஊரில் ஏது கடல், தரையெல்லாம் உப்புத் தண்ணீர் கசிகிறது, மேசைக்குக் கீழே கால் வைக்கப் பயமாக இருக்கிறது என்றார். உனக்குத்தான் தெரியும், என்ன செய்யட்டும், சொல் என்று கெஞ்சினார்.

காலிதா சன்னல் வழியே கடலைப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. வள்ளங்கள் இறங்கிக்கொண்டிருந்தன. குப்பத்து முதல் வீட்டு வாசலில் முருகம்மாளும் பஞ்சம்மாளும் வலையை விரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒண்ணுமில்ல சார். விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் ஒத்துப்போகாது. நீங்கதான சொன்னீங்க."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நாற்காலி ஒன்று நகரும் சத்தம் கேட்டது. அப்புறம் தண்ணீர் சொட்டும் சத்தம், போனுக்கு மிக அருகில். மருதுபாண்டியின் குரல் இல்லை அது. வெட்கப்பட்டு, சிரித்துக்கொண்டே கேட்கிற ஒரு இளவட்டக் குரல்.

"சார், போகலாமா?"